டக்ளஸ் வாரிசு வழக்கு: பாதித் தீர்ப்பை முழுத் தீர்ப்பாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பதிப்பில் மலையகத் தோட்டப் பெயர்களைப் பற்றி வந்த கட்டுரை, தலவாக்கலை ஹோலிரூட்டைச் சொல்லும் இடத்தில் ஒரு பழைய ஸ்கொட்லாந்துக் குடும்ப வழக்கையும் ஒரு பந்தியில் தொட்டுவிட்டுப் போகிறது. டக்ளஸ் கோமகனின் தங்கை பரிஸில் இரண்டு ஏழைக் குழந்தைகளைக் காசுக்கு வாங்கித் தான் பெற்ற இரட்டையர் என்று ஊரை ஏமாற்றினார், நீதிமன்றம் அதை அம்பலப்படுத்தியது, சனம் ஆத்திரப்பட்டு எடின்பரோவின் ஹோலிரூட் மாளிகையைத் தாக்கியது என்பது அந்தப் பந்தியின் சாரம். தாக்கியது உண்மை. மிச்சமெல்லாம் 1767ஆம் ஆண்டோடு நின்றுபோன கதை. வழக்கு முடிந்தது 1769இல். முடிந்தது அந்த இரட்டையரில் உயிரோடு மிஞ்சிய பிள்ளையின் பக்கம். தாக்கியவர்களும் பிள்ளை வென்ற குதூகலத்தில் தாக்கினார்கள்.

இதை ஒரு சின்னத் தவறு என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு பிள்ளை இன்னாருக்குப் பிறந்தது என்பதை எப்படி நிரூபிப்பது, யார் நிரூபிப்பது என்பதுதான் அந்த வழக்கின் உயிர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காக மூன்று தலைமுறை அலைந்த நம் சனத்துக்கு அதைத் தலைகீழாகச் சொல்லக் கூடாது.

முதலில் குடும்பம். 1656இல் டக்ளஸ் மார்க்குவிஸின் (கோமகனுக்கு அடுத்த படிப் பட்டம்) இளைய மகன் வில்லியம், தன் உரிமையில் ஹமில்டன் கோமகளாக இருந்த ஆன் என்பவரைக் கட்டினார். அதற்குப் பிறகு வந்த ஹமில்டன் கோமகன்மார் எல்லாரும் ஆண்வழியில் டக்ளஸ் இரத்தம். மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போனால் டக்ளஸ் நிலமெல்லாம் தங்களுக்குத்தான் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 12,000 பவுண் வருமானம் தரும் நிலம் அது. மூத்த கிளையிலோ மிஞ்சியிருந்தது இரண்டே பேர்: 1694இல் பிறந்த அண்ணன் ஆர்ச்சிபோல்ட், 1698இல் பிறந்த தங்கை ஜேன்.

அண்ணனுக்கு 1703இல், ஒன்பது வயதில், கோமகன் பட்டம் கிடைத்தது. 1715 கிளர்ச்சியில் ஷெரிப்மூர் போர்க்களத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். 1725இல் தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த கப்டன் ஜோன் கெர் என்பவரைக் கொன்றுவிட்டார். தங்கையை மணக்க விரும்பியவர் கெர் என்று சொல்வார்கள். கோமகன் தண்டிக்கப்படவில்லை; கொஞ்சக் காலம் வெளிநாடு போய்த் திரும்பி, ஆள் பேச்சு வைத்துக்கொள்ளாமல் கோட்டைக்குள் அடைந்து கிடந்தார். கட்டுரை இதைத் தொடவேயில்லை. தங்கை ஏன் கலியாணத்தை மறைத்தார் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. முன்னொருவரைக் கொன்ற அண்ணனிடம் போய், மாப்பிள்ளை பார்த்துவிட்டேன் என்று யார் சொல்வது?

ஜேன் சீமாட்டிக்கு 1720இல் டல்கீத் பிரபுவோடு பேசிய சம்பந்தம் குலைந்தது. அதன்பின் பல வருடம் தனியாக இருந்தார். 1746 ஓகஸ்ட் 4ஆம் திகதி எடின்பரோவுக்குப் பக்கத்தில் ட்ரம்ஷியூ என்ற இடத்தில் கேர்ணல் ஜோன் ஸ்டுவர்ட்டை இரகசியமாகக் கட்டிக்கொண்டார். பெண்ணுக்கு 48 வயது, மாப்பிள்ளைக்கு அறுபதுக்குக் கிட்ட. பெர்த்ஷயர் கிராண்ட்டலி குடும்பத்துப் பிள்ளைதான் என்றாலும் கையில் சல்லிக்காசு இல்லை, தலைக்கு மேல் கடன். அண்ணன் தந்துவந்த வருடம் 300 பவுண்தான் ஜேனுக்கு இருந்த ஒரே நிச்சயமான வருமானம். கலியாணம் தெரிந்தால் அது நின்றுவிடும். ஆகவே இருவரும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். ஆக்ஸ் லா ஷப்பெல், பிறகு ரைம்ஸ், பிறகு பரிஸ்.

இனி வழக்கின் முடிச்சு விழும் பத்து நாள். 1748 ஜூலை 4ஆம் திகதி ஸ்டுவர்ட்டும் ஜேனும், தோழி ஹெலன் ஹியூவிட்டும் பரிஸுக்கு வந்து கொடஃப்ருவா என்பவரின் விடுதியில் தங்கினார்கள். வேலைக்காரப் பெண்கள் இருவரையும் ரைம்ஸிலேயே விட்டுவிட்டார்கள். பணம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். நிறைமாதத்தில் இருக்கும் ஐம்பது வயதுப் பெண், கூடமாட உதவிக்கு இருந்தவர்களை விட்டுவிட்டு ஊர் மாறியது ஏன் என்று எதிர்த்தரப்பு கடைசிவரை கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஜூலை 10ஆம் திகதி லெ ப்ரன் என்ற பெண்மணியின் வீட்டில், லா மார் என்ற ஆண் மருத்துவரின் கையால், இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்ததாகக் குடும்பம் சொன்னது. மூத்தவன் ஆர்ச்சிபோல்ட், இளையவன் ஷோல்டோ. இளையவன் நோஞ்சான் என்று அவனைப் பரிஸ் பக்கத்தில் ஒரு பால்கொடுக்கும் தாயிடம் விட்டு, மூத்தவனோடு ரைம்ஸ் திரும்பினார்கள். இளையவனை எடுத்துக்கொண்டது 1749 நவம்பரில், லண்டனுக்குக் கப்பலேறப் போகும் நேரத்தில். பதினாறு மாத இடைவெளி. சந்தேகம் முழுதும் இந்த இடைவெளியில்தான் முளைவிட்டது.

அண்ணன் நம்பவில்லை. காசை நிறுத்தினார். லண்டனில் ஸ்டுவர்ட் கடனுக்காகச் சிறைப்பட்டார். இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் ஜேனுக்கு ஆண்டுக்கு 300 பவுண் உதவித்தொகை கொடுத்தும் வீடு நிமிரவில்லை. சிறையில் இருந்த புருஷனுக்கு ஜேன் எழுதிய கடிதங்களில் பிள்ளைகளின் பேச்சு, காய்ச்சல், குறும்பு எல்லாம் வரும். பின்னாளில் நீதிமன்றத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட ஆவணங்கள் அவைதான். 1753இல் இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டக்ளஸ் கோட்டை வாசலுக்கே போனார், கதவு திறக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் ஷோல்டோ செத்தான், நவம்பரில் தாயும் செத்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயத்தைத் திருப்பியவர் பெகி டக்ளஸ். 1758இல், 64 வயதில், கோமகன் இந்தத் தூரத்து உறவுக்காரப் பெண்ணைக் கட்டினார். வந்த நாளிலிருந்து அந்த அம்மா பிள்ளையின் பக்கம். இதே விஷயத்தில் புருஷன் பெண்சாதிக்குள் பிரிவு வந்து, திரும்பச் சேர்ந்தார்கள். ஹமில்டனுக்கு எழுதிவைத்ததை கோமகன் இரத்துச் செய்து, 1761 ஜூலையில் எல்லாவற்றையும் தங்கை மகனுக்குப் போகும்படி மாற்றி எழுதி, அதே மாதம் 21ஆம் திகதி கண்ணை மூடினார். செப்டெம்பரில் ஜூரி ஒன்று, 13 வயது ஆர்ச்சிபோல்ட்டைச் சட்டப்படி வாரிசு என்று ஏற்றது.

எதிர்த்தரப்பில் இருந்ததும் சிறுவன்தான். ஏழாம் ஹமில்டன் கோமகனுக்கு அப்போது ஆறு வயது. தாய் எலிசபெத் கன்னிங், அயர்லாந்திலிருந்து வந்து லண்டனைக் கிறங்கடித்த அழகி. 1752 பெப்ரவரி 14ஆம் திகதி நள்ளிரவில், மோதிரம் கிடைக்காமல் கட்டில் திரைச்சீலை வளையத்தைப் போட்டு ஆறாம் கோமகன் அவரைக் கட்டிய கதை பிரசித்தம். அவசரக் கலியாணத்தைப் பற்றி ஹமில்டன் வீட்டார் மற்றவரைப் பார்த்து மூக்கில் விரல் வைத்ததுதான் வேடிக்கை. ஆனால் வழக்கைப் பின்னியது அந்த அம்மா இல்லை. சிறுவனின் பாதுகாவலர்களில் ஒருவரான சட்டத்தரணி அண்ட்ரூ ஸ்டுவர்ட். ஜேனின் புருஷன் ஸ்டுவர்ட் வேறு, இவர் வேறு.

இவருடைய விசாரணை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதை எப்படித் தேட வேண்டும் என்பதற்கும், எதைச் செய்தால் தேடியது முழுதும் கெட்டுப்போகும் என்பதற்கும் இது ஒரே இடத்தில் கிடைக்கும் பாடம்.

1762இல் பரிஸுக்குப் போன அவர் முதலில் ஆட்களைத் தேடவில்லை, புத்தகங்களைத் தேடினார். அந்நாளில் பரிஸ் விடுதிக்காரர் தம்மிடம் தங்கும் வெளியூராரைப் பதிய வேண்டும். பொலிஸ் பரிசோதகர் வந்து அதைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார். கொடஃப்ருவாவின் கணக்குப் புத்தகத்தில் ஜூலை 4 முதல் 14 வரை ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் ஸ்டுவர்ட் தம்பதியுடையது என்றார் கொடஃப்ருவா. அப்படியானால் 10ஆம் திகதி அவர்கள் அந்த விடுதியில்தான் இருந்திருக்கிறார்கள், அங்கே பிரசவம் எதுவும் நடக்கவில்லை, கதை பொய். கேட்கும்போது ஆணி அடித்தாற்போல் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தின் தலையில் பெயர் இல்லை. பதினான்கு வருடத்துக்குப் பிறகு, வந்து போன நூற்றுக்கணக்கானவர்களில் பெயரில்லாத ஒரு கணக்கு இன்னாருடையது என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதற்கு எவ்வளவு பெறுமதி? டக்ளஸ் தரப்புச் சட்டத்தரணிகள் பிடித்துத் தொங்கியது இந்த ஒரு கேள்வியில்.

இரண்டாவது, ஆட்கள். லெ ப்ரன் என்ற வீட்டுக்காரியைத் தேடினார்; எங்கும் கிடைக்கவில்லை. லா மார் என்ற மருத்துவரைத் தேடினார். அந்தப் பெயரில் ஒரு சத்திரசிகிச்சையாளர் இருந்தது பிறகு தெரியவந்தது, ஆனால் செத்துப்போயிருந்தார். வயதான வெளிநாட்டுப் பெண்ணொருத்திக்கு இரட்டைப் பிள்ளை பிரசவம் பார்த்ததாக லா மார் தன்னிடம் சொன்னார் என்று, அவரோடு பழகிய இன்னொருவர் சாட்சி சொன்னார். கேள்விச் சாட்சிதான். ஆனால் விஷயம் அறவே கற்பனை என்று சொல்ல முடியாதபடி அது ஒரு முட்டுக்கட்டை போட்டது.

மூன்றாவது படிதான் அண்ட்ரூ ஸ்டுவர்ட் செய்த பெரிய பிழை. பரிஸ் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தேவாலயங்களில் வாசிக்கும் ஓர் அறிவித்தலை வெளியிட வைத்தார். இன்ன காலத்தில், இன்ன தோற்றமுள்ள வெளிநாட்டார் பிள்ளை வாங்கியது யாருக்காவது தெரியுமா, தெரிந்தவர் வந்து சொல்லுங்கள் என்று. வந்தார்கள். 1748இல் பிள்ளையைக் கொடுத்துவிட்டதாகக் கண்ணாடித் தொழிலாளி மிக்னோன் குடும்பம்; 1749இல் பிள்ளையைப் பறிகொடுத்ததாகக் கயிற்றில் நடக்கும் வித்தைக்காரர் சான்றி குடும்பம். இரண்டும் அந்த இரு திகதிகளுக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி பொருந்தின. பொருந்தியதுதான் கோளாறு. என்ன பதில் வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே எழுதி, கோயில் கோயிலாக வாசித்துவிட்டு, வந்த பதில் கேள்விக்குப் பொருந்துகிறது என்று சொல்வதில் என்ன நிரூபணம் இருக்கிறது? நம் ஊர்களில் அடையாள அணிவகுப்புக்கு முன் சந்தேக நபரின் படத்தைச் சாட்சிக்குக் காட்டிவிட்டால் அந்த அணிவகுப்பு என்ன ஆகும் என்று எந்த நீதிமன்ற எழுதுநரைக் கேட்டாலும் சொல்வார்.

டக்ளஸ் தரப்பு செய்த பிழை இதைவிட மோசம். லா மார் எழுதியதாக நான்கு பிரெஞ்சுக் கடிதங்களைக் காட்டினார்கள். அவை போலி என்று கடைசியில் அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தகப்பன் ஸ்டுவர்ட், 1759இல் அண்ணனின் பட்டம் வந்து சேர்ந்து சேர் ஜோன் ஆகியிருந்தார். 1762 டிசெம்பரில் எடின்பரோ நீதிமன்றம் அவரை விசாரித்தபோது வயது எழுபத்தைந்தை எட்டியிருந்தது. திகதி, வீடு, மருத்துவரின் அங்க அடையாளம் எல்லாவற்றிலும் தடுமாறினார். 1764இல் சாகும் தறுவாயில், இரு பிள்ளைகளும் ஜேன் பெற்ற என் பிள்ளைகள்தான் என்று கடவுள் சாட்சியாக எழுதிக் கையெழுத்திட்டார். போலிக் கடிதத்தைக் காட்டியவரின் மரணவாக்குமூலம் எவ்வளவு எடுபடும் என்று ஊகித்துக்கொள்ளலாம். உண்மையான பிள்ளைக்குப் போலிக் கடிதம் எதற்கு என்ற கேள்வி அந்தக் குடும்பத்தை இன்றுவரை விடவில்லை. நல்ல வழக்கைப் பொய் ஆவணம் போட்டுப் பலப்படுத்தப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பலப்படாது.

டக்ளஸ் தரப்புக்கு எஞ்சியிருந்த நல்ல சாட்சிகள் எவை? ஆக்ஸிலும் ரைம்ஸிலும் ஜேனைக் கர்ப்பிணியாகக் கண்டவர்கள், வேலைக்காரப் பெண் இசபெல் வோக்கர், ஹெலன் ஹியூவிட், தாய் பிள்ளைகளோடு நடந்துகொண்ட விதம், பிறகு முகச்சாயல். மூத்தவன் தகப்பனைப்போல, இளையவன் தாயை உரித்துவைத்தமாதிரி என்று பலர் சொன்னார்கள். முகச்சாயல் மெல்லிய சான்று. ஆனால் யாரோ இரண்டு பரிஸ் ஏழைகளின் பிள்ளைகள், ஒன்று தகப்பனையும் ஒன்று தாயையும் ஒத்துப்போவது எத்தனை அபூர்வம் என்ற வாதத்தை ஹமில்டன் தரப்பால் முழுதாக உடைக்க முடியவில்லை.

எடின்பரோவில் பதினைந்து நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு வாசித்தார்கள். 1767 ஜூலையில் நாள் கணக்கில் நடந்தது. ஏழுக்கு ஏழு. சமநிலை வந்தால் மட்டும் வாக்களிக்கும் தலைவர் ரொபர்ட் டண்டஸ், ஹமில்டன் பக்கம் விழுந்தார். உங்கள் கட்டுரை நிற்பது இந்த ஒரு வாக்கில். இரண்டு வருடத்துக்குள், 1769 பெப்ரவரி 27ஆம் திகதி, அன்று மேன்முறையீட்டின் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை அதைப் புரட்டியது. கம்டன், மான்ஸ்பீல்ட் என்ற இரு பெரிய சட்ட மேதைகளும் பிள்ளைக்காகப் பேசினார்கள். ஐந்து பிரபுக்கள் மட்டும் எதிர்ப்பை எழுத்தில் பதிந்தார்கள். செய்தி வந்த இரவு எடின்பரோவில் ஜன்னலில் விளக்கேற்றாத வீடுகளுக்குக் கல் விழுந்தது. டண்டஸின் வீடு தப்பவில்லை. ஹோலிரூட் மாளிகையைப் பராமரிக்கும் பரம்பரை உரிமை ஹமில்டன் குடும்பத்துக்கு இருந்தது, அவர்களுக்கு அங்கே தங்குமிடமும் இருந்தது. கூட்டம் அங்கே போனதன் காரணம் அதுதான்.

சட்டப்படி பிரபுக்கள் சபை எதைப் பார்த்தது என்பதைத்தான் கட்டுரையாளர் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். தாயும் தகப்பனும் ஒரு பிள்ளையைத் தம் பிள்ளை என்று ஏற்று, வளர்த்து, ஊரும் அப்படியே அறிந்திருந்தால், அந்தப் பிள்ளை தன் பிறப்பை நிரூபிக்கத் தேவையில்லை. மறுப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். லெ ப்ரன் கிடைக்காதது பிள்ளையின் குற்றம் அல்ல. எடின்பரோவில் பாதி நீதிபதிகள் பிள்ளையிடம் நிரூபணம் கேட்டார்கள், பிரபுக்கள் சபை ஹமில்டனிடம் கேட்டது. வித்தியாசம் அவ்வளவே. ஆனால் மான்ஸ்பீல்ட் பிரபு இதோடு நிறுத்தாமல், இவ்வளவு உயர்ந்த குலத்துப் பெண் இப்படியொரு ஈனக் காரியம் செய்வாரா என்ற தோரணையிலும் பேசினார். அது வாதமே அல்ல. அண்ட்ரூ ஸ்டுவர்ட் 1773இல் அவருக்குப் பகிரங்கக் கடிதங்கள் அச்சிட்டு அந்த இடத்தில்தான் வாட்டி எடுத்தார், நியாயமாகவே எடுத்தார். இதே ஸ்டுவர்ட் வழக்கு நடக்கும்போது டக்ளஸ் தரப்புச் சட்டத்தரணி தர்லோவோடு துப்பாக்கிச் சண்டைக்கே போனவர், ஆனால் எழுத்தில் மிகவும் நிதானம். தத்துவஞானி டேவிட் ஹியூம் கடைசிவரை ஹமில்டன் பக்கம்தான் நம்பினார். ஆகவே பிள்ளை உண்மையில் யாருடையது என்று இன்று ஒருவர் சந்தேகப்படுவதில் பிழையில்லை. நீதிமன்றம் அம்பலப்படுத்தியது என்று எழுதுவதுதான் பிழை.

இதே வழக்கு நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்திருந்தால் நம் சான்றுக் கட்டளைச் சட்டம் என்ன சொல்லும்? 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டம். 112ஆம் பிரிவு, செல்லுபடியான கலியாணம் நிலவும்போது பிறந்த பிள்ளை அந்தப் புருஷனின் பிள்ளைதான் என்று முடிந்த முடிவாகக் கொள்ளும். கலியாணம் முறிந்து 280 நாளுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதிருந்தால், அப்படியே. பலர் இந்தப் பிரிவையே டக்ளஸ் வழக்குக்கும் நீட்டுவார்கள், நீட்ட முடியாது. அது தகப்பன் யார் என்ற கேள்விக்கு. தாய் பெற்றாரா இல்லையா என்பதே தகராறாக இருக்கும்போது 112 வேலை செய்யாது. 50ஆம் பிரிவு வேலை செய்யும்: உறவை நேரில் அறியக்கூடியவர் நடத்தையால் காட்டிய அபிப்பிராயம் சான்று. 32ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் இறந்தவர் உறவைப் பற்றிச் சொன்னது ஏற்கப்படும், ஆனால் தகராறு கிளம்புவதற்கு முன் சொன்னதாக இருக்க வேண்டும். சேர் ஜோனின் 1764 மரணப்படுக்கைக் கடிதம் இந்த வேலியைத் தாண்டாது. வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜேன் சிறைக்கு எழுதிய கடிதங்களுக்கு எவ்வளவோ நல்ல வாய்ப்பு. கொடஃப்ருவாவின் புத்தகம் 34ஆம் பிரிவின் கீழ் வரும், ஆனால் கணக்குப் புத்தகம் தனித்து நின்று யார்மீதும் பொறுப்பைச் சுமத்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. பொலிஸ் பதிவேடு 35இன் கீழ் வரும், அதற்குப் பலம் கூட.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் டக்ளஸ் தீர்ப்புக்கு நேர் எதிர். அதன் 4ஆம் பிரிவின்படி, இங்கே பிறந்தவர் தன் தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டறையில், மருத்துவிச்சி கையால் பிறந்தவருக்கு, பாட்டனின் பிறப்புக் கடதாசிக்கு எங்கே போவது? காட்டும் பொறுப்பு முழுதும் பிள்ளையின் தலையில். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, தாய் தகப்பன் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்ட பச்சைக் குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, பிரஜை என்று கொண்டது! தாய் தகப்பன் பெரட்டுக்களத்தில், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்து நிற்கும் பிள்ளைக்கு இல்லாத அனுமானம், பெற்றோர் தெரியாத பிள்ளைக்கு இருந்தது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் என்று வந்து பிரசாவுரிமை தீர்ந்துவிட்டது. பிறப்பு அத்தாட்சிச் சிக்கல் தீரவில்லை.

இன்றும் பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் காலங்கடந்த பதிவுதான். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். போகும்முன் சேர்க்க வேண்டியவற்றை அண்ட்ரூ ஸ்டுவர்ட்டைப்போல் யோசித்துச் சேர்த்தால் அலைச்சல் குறையும்: முதலில் புத்தகம், பிறகு ஆள். கிளினிக் கார்ட், தடுப்பூசிப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேட்டுப் பிரதி, ஞானஸ்நானம் பெற்றவரானால் கோயில் பதிவேடு, கூடப்பிறந்தவர்களின் பிறப்பு அத்தாட்சி, தாயின் கலியாணப் பதிவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று உண்டு, பலருக்கு ஞாபகம் வருவதில்லை: தாய்க்குப் பிரசவக் காசு கொடுத்த பதிவும், அந்த வாரங்களில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தினவரவுப் பதிவேட்டில், தாயின் பெயருக்கு எதிரே வேலை விழாததும். இரண்டும், வழக்கு எதுவும் கனவிலும் இல்லாத காலத்தில், வேறு காரணத்துக்காக, வேறொருவர் கையால் எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட எழுத்துக்குத்தான் பலம். துரை மாறி, கம்பனி மாறி, பழைய செக்ரோல் கறையானுக்குப் போகும்முன் கணக்கப்பிள்ளையிடம் பிரதி கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எங்கே கெட்டுப்போகிறது? கிளினிக் கார்ட்டில் மங்கிய திகதியைப் பேனாவால் தெளிவாக்குவார்கள். அத்தோடு அந்தக் கார்ட் செத்தது. சமாதான நீதவானிடம் எடுக்கும் சத்தியக் கடதாசியில் ஒரு திகதி, பாடசாலைப் பதிவில் இன்னொரு திகதி இருக்கும். வயதைக் கூட்டியோ குறைத்தோ பாடசாலையில் போட்டிருந்தால் அதை மறைக்காமல் கடதாசியிலேயே காரணத்தோடு சொல்வது நல்லது; மறைத்துப் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் கூடவே சந்தேகத்துக்குப் போகும். தாய் தகப்பனின் கலியாணம் பதியப்படாவிட்டால், இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டாலொழியத் தகப்பன் பெயர் விழாது. தாலி கட்டி ஊருக்கே சாப்பாடு போட்டிருந்தாலும் விழாது. இதைப் பிள்ளை பிறந்த பிறகு அல்ல, பிறக்கும் முன்பே தோட்ட மிட்வைப் அம்மாமார் சொல்லிவைப்பது பெரிய உதவி. அப்பா பெயர் ஒரு பதிவில் இராமசாமி, இன்னொன்றில் ராமசாமி, தமிழறியாத எழுதுநர் கையில் வேறொன்று என்றிருந்தால், எல்லாம் ஒருவரே என்று ஒரே சத்தியக் கடதாசியில் எல்லா எழுத்து வடிவங்களையும் வரிசையாகக் குறிப்பிட வேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றுக்காகத் திரும்பி வரச் சொல்வார்கள்.

கட்டுரையில் இன்னும் ஒரு தகவல் திருத்தப்பட வேண்டும். பிள்ளை டக்ளஸ் கோமகன் ஆனான் என்று ஓரிடத்தில் வருகிறது. கோமகன் பட்டம் 1761இல் மாமனோடு அழிந்துவிட்டது. மார்க்குவிஸ் பட்டம் ஆண்வழி என்பதால் தகராறின்றி ஹமில்டன் சிறுவனுக்குப் போனது. அந்தச் சிறுவன் தீர்ப்பு வந்த அதே ஆண்டு, 1769 ஜூலையில், பதினான்கு வயதில் இறந்தான். ஆர்ச்சிபோல்ட்டுக்கு வந்தது நிலமும் கோட்டையும். அவர் நாடாளுமன்றத்துக்குப் போய், 1790இல் டக்ளஸ் பிரபு என்ற புதிய பட்டம் பெற்று, 1827இல் காலமானார். ஆண்வழி 1857இல் நின்று, நிலம் பெண்வழியாக ஹோம் குடும்பத்துக்குப் போனது. 1963இல் பிரித்தானியப் பிரதமரான அலெக் டக்ளஸ் ஹோமின் பெயரில் உள்ள டக்ளஸ் அங்கிருந்து வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுநர்,
கொட்டகலை.